ஒரு புள்ளடியில் எத்தனை கட்டளை?

பிரித்தானிய சர்வசன வாக்கெடுப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கோபத்தில் பாதியில் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை பேனையோடு உட்கார்ந்தேன். எழுதியவர் என் வயதுக்காரர். என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த நாட்டில் வீடும் வாக்கும் பெற்றவர். வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். எங்களில் ஒருவர் இப்படி எழுதியதுதான் பொறுக்கவில்லை.

அவர் சொல்வதன் சாரம் இது. 2016 ஜூன் 23 அன்று மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறத் தெளிவான தீர்ப்புச் சொன்னார்கள். தோற்றவர்கள் அதை ஏற்கவில்லை. நீதிமன்றமும் பாராளுமன்றமும் அவர்களுக்குத் துணை போயின. மூன்றரை வருடம் நாடு திக்குத் தெரியாமல் நின்றதற்கு அவர்களே பொறுப்பு. கடைசியாக, ஐரோப்பியர் போனால் எங்களுக்குத்தானே இடம், எங்கள் ஆட்கள் ஏன் கவலைப்பட்டார்கள் என்று கேட்கிறார்.

ஒவ்வொன்றும் பிழை. முதலாவது பிழையிலிருந்துதான் மற்றவை எல்லாம் முளைத்திருக்கின்றன.

அன்று இலண்டனில் விடாத மழை. நான் வாக்குப் போட்ட இடம் எங்கள் தெருமுனைப் பாடசாலையின் சாப்பாட்டு மண்டபம். குடைகளிலிருந்து வடிந்த தண்ணீரில் தரை வழுக்கியது. மறைப்புக்குள் கயிற்றில் கட்டிய ஒரு பென்சில். சீட்டில் ஒரு கேள்வி, இரண்டு பெட்டி. ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருக்கவேண்டுமா, விலகவேண்டுமா? அவ்வளவுதான். விலகினால் ஒற்றைச் சந்தையில் இருப்பதா, சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, அயர்லாந்து எல்லையை என்ன செய்வது, இங்கே வாழும் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஐரோப்பியரின் கதி என்ன என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் புள்ளடி, இருக்கிற வீட்டை விட்டு வெளிக்கிடலாம் என்று சொன்னது. எந்த வீட்டுக்குக் குடிபோவது என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் அதைக் கேட்கவேயில்லை.

வெளியேறச் சொன்னவர்களும் ஒரே வீட்டைக் காட்டவில்லை. சிலர் நோர்வேயையும் சுவிற்சர்லாந்தையும் பாருங்கள், வெளியே இருந்தே செழிப்பாக வாழ்கிறார்கள் என்றார்கள். வெளியேறும் பிரசாரத்தை நடத்தியவர்களில் ஒருவரான மந்திரி மைக்கேல் கோவ் ஒற்றைச் சந்தையிலிருந்தே வெளியேறவேண்டும் என்றார். வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் பிரசல்சுக்குப் போகிறது, அதை மருத்துவ சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராகக் கொண்டு திரிந்தார்கள். அந்தத் தொகை மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டு போகும் என்று நாட்டின் புள்ளிவிவர அதிகாரசபையே சொன்ன பிறகும் பஸ்ஸில் எழுதியதை அழிக்கவில்லை. முடிவு வந்த காலையிலேயே, வெளியேறும் பக்கத்தின் இன்னொரு தலைவரான நைஜல் ஃபராஜ் தொலைக்காட்சியில், அந்தப் பணம் முழுவதும் மருத்துவ சேவைக்குப் போகும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, அப்படிச் சொன்னது தவறு என்றார். கட்டுரையாளர் சொல்லும் தெளிவான தீர்ப்பு இத்தனை விதமான வாக்குறுதிகளைக் கேட்டு விழுந்த வாக்குகளின் கூட்டுத்தொகை.

எண்ணிக்கையையும் பார்ப்போம். வெளியேற 1 கோடியே 74 இலட்சம் பேர், இருக்க 1 கோடியே 61 இலட்சம் பேர். 51.9 சதவீதமும் 48.1 சதவீதமும். இங்கிலாந்தும் வேல்சும் போகலாம் என்றன. ஸ்கொட்லாந்தில் 62 சதவீதம் பேரும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேரும் இருப்போம் என்றார்கள். போகச் சொன்னவர்கள் வென்றார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாக்கால் வென்றாலும் வெற்றிதான். ஆனால் நான்கு நாடுகள் சேர்ந்த ஓர் இராச்சியத்தில் இரண்டு நாடுகள் இந்தப் பக்கமும் இரண்டு நாடுகள் அந்தப் பக்கமும் நிற்கும்போது, வென்றவர்களுக்கு ஒரு பொறுப்பு வருகிறது. எப்படிப் போவது என்பதை மற்றவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

முடிவு வந்த அடுத்த நாட்களை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பிரதமர் டேவிட் கமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். பவுண் டொலருக்கு எதிராக 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை தொழிற்கட்சி எம்பிக்கள் 172 பேர் தங்கள் தலைவர் ஜெரமி கோர்பின்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள், அவருக்காக நின்றவர்கள் 40 பேர். வியாழக்கிழமை, வெளியேறும் பிரசாரத்தின் முகமாக இருந்த போரிஸ் ஜோன்சன் தலைமைப் போட்டிக்கே வரமாட்டேன் என்றார். அன்று காலைதான் அவருடைய கூட்டாளி கோவ் அவரைக் கைவிட்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் அரசாங்கத்துக்கும் தலைவர் இல்லை, எதிர்க்கட்சிக்கும் தலைவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இதில் எதைத் ‘தோற்றவர்கள்’ செய்தார்கள்? வெளியேறும்படி முடிவு வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் போட கமரனின் அரசு அதிகாரிகளை விடவில்லை. பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழு பின்னர் அதைக் கடுமையாகக் கண்டித்தது. திக்குத் தெரியாமல் நின்றது அங்கேதான் தொடங்கியது.

மறு வாக்கெடுப்புக் கேட்டு நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைச் சுட்டிக்காட்டி, தோற்றவர்களின் குணத்துக்கு இதுவே சாட்சி என்கிறார். அந்த மனு எப்போது தொடங்கப்பட்டது என்று அவர் தேடிப் பார்க்கவில்லை. வாக்கெடுப்புக்கு முதலே, வெளியேறவேண்டும் என்ற பக்கத்தைச் சேர்ந்த ஒருவர், தன் பக்கம் தோற்றுவிடும் என்ற பயத்தில் தொடங்கிய மனு அது. முடிவு மாறி வந்ததால் மற்றப் பக்கத்தவர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போடுவது குற்றமா? மனுக் கொடுப்பதும் ஊர்வலம் போவதும் வழக்குப் போடுவதும் தோற்றவனுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் வழிகள். அவற்றையும் மூடிவிட்டால் அவன் வேறென்ன செய்வான்? இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும்.

நீதிமன்றத்துக்கு வருவோம். ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவித்தலைப் பிரதமர் தானே கொடுக்கலாமா, பாராளுமன்றத்தைக் கேட்கவேண்டுமா என்பதுதான் ஜீனா மில்லர் போட்ட வழக்கு. கேட்கவேண்டும் என்று 2016 நவம்பரில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மறுநாள் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை அவர்களின் படங்களை முதற்பக்கத்தில் போட்டு, மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. எங்கள் கட்டுரையாளர் அதே சொல்லைத் தமிழாக்கி அப்படியே எழுதியிருக்கிறார். எழுதும்போது அவர் கை கூசவில்லையா? 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்று அதே தீர்ப்பைச் சொன்னது. பிறகு பாராளுமன்றம் என்ன செய்தது? பெப்ரவரி 1ஆம் திகதி 498க்கு 114 என்று, அறிவித்தல் கொடுக்க அனுமதிக்கும் சட்டமூலத்தை ஆதரித்து வாக்களித்தது. மார்ச் 29 அன்று அறிவித்தல் பிரசல்சுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கே இருக்கிறது இதில் தடை?

தடை பின்னர் வந்தது. யார் போட்டார்கள் என்பது பாராளுமன்றப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கமரனுக்குப் பின் பிரதமரான தெரேசா மே ஏறத்தாழ இரண்டு வருடம் பேசிக் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 இரவு 432க்கு 202 என்று தோற்றது. ஓர் அரசாங்கம் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது இந்த நாட்டுப் பாராளுமன்ற வரலாற்றில் அதற்கு முன் நடக்காதது. அன்று எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் மேயின் சொந்தப் பழமைவாதக் கட்சிக்காரர். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவை விட்டுப் போகவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள். ஜோன்சனும் எதிர்த்தே வாக்களித்தார். மார்ச் 12 அன்று ஒப்பந்தம் மறுபடி தோற்றபோதும் அவர் எதிர்ப்பக்கத்தில்தான் நின்றார். ஒப்பந்தத்தோடு வெளியேறுவதற்கான கதவு திறந்து கிடந்தது. அதற்குக் குறுக்கே நின்றவர்களில் ஒரு பகுதியினர், வெளியேறுவோம் என்று மக்களிடம் வாக்கு வாங்கியவர்கள். இந்த வழி அவர்கள் மனதிலிருந்த வழி இல்லை என்பதால் நின்றார்கள்.

மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை மேசையில் வைத்து எம்பிக்களிடம் கேட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கை வைத்தார்கள். நான்கும் தோற்றன, சுங்க ஒன்றிய யோசனை மூன்றே மூன்று வாக்கில் போனது. தெளிவான தீர்ப்பு ஒன்று இருந்திருந்தால் இந்தப் பன்னிரண்டு வாக்கெடுப்புக்கு என்ன தேவை? அந்தக் கோடை முடிவில் பாராளுமன்றத்தை ஐந்து வாரம் மூடிவைக்கப் பார்த்ததும், அதற்குள் பிரதமராகிவிட்ட ஜோன்சனின் அரசுதான். அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். இதையெல்லாம் நீதிபதிகளின் சதி என்று எழுதுவதற்குப் பதிவேட்டை ஒரு தடவையாவது புரட்டாத துணிச்சல் வேண்டும்.

அயர்லாந்து எல்லையைப் பற்றி அவர் எழுதியது இரண்டே வரி, அதுவும் பிரசல்ஸ் கண்டுபிடித்த சாக்கு என்று. 499 கிலோமீட்டர் நீளம், இருநூறுக்கு மேற்பட்ட கடவைகள். ஒரு காலத்தில் சோதனைச்சாவடியும் துவக்குமாக இருந்த எல்லை, 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆட்கள் கவனிக்காமலே கடந்து போகும் எல்லையாக மாறியது. வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன் ஜோன் மேஜரும் டோனி பிளேயரும், எதிரெதிர்க் கட்சிகளின் முன்னாள் பிரதமர்கள், சேர்ந்து வட அயர்லாந்தின் டெரி நகருக்குப் போய், இந்த அமைதிக்கு ஆபத்து வரும் என்று சொன்னார்கள். இங்கிலாந்தில் கேட்டவர்கள் குறைவு. சோதனைச்சாவடி என்றால் என்னவென்று ஆனையிறவிலும் ஓமந்தையிலும் நின்று பார்த்த ஒருவர் இதைச் சாக்கு என்று எழுதுகிறார். இந்த இடத்தில்தான் முதல் தடவை கட்டுரையைக் கீழே வைத்தேன்.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. வெளியேற வாக்களித்தவர்களை மூடர்கள் என்று ஏசிய இலண்டன்காரர்களை அவர் கண்டித்திருக்கிறார். அது சரி. ‘ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன’ என்று மறுநாள் கூகிளில் தேடினார்கள் என்று சிரித்தவர்களுடன் நானும் அன்று சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். சுண்டர்லாந்தில் 61 சதவீதம் பேரும் லிங்கன்ஷயரின் பொஸ்ரன் நகரில் 75 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களும் போகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சுண்டர்லாந்தைப் போன்ற ஊர்களில் கப்பல் தளமும் சுரங்கமும் போய், வேலை போய், கவனிப்பார் இல்லாமல் கிடந்தவர்கள் கையில் கிடைத்த ஒரே பென்சிலால் பதில் சொன்னார்கள். வெளியேறச் சொன்ன உடனேயே நாடு பொருளாதார மந்தத்தில் விழும் என்று திறைசேரி பயமுறுத்தியது, அந்த வருடம் அப்படி நடக்கவில்லை. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த மக்களுக்கு மரியாதை கொடுப்பது என்பது அவர்கள் சொல்லாததை எல்லாம் சொன்னதாக எழுதுவதா? ஒற்றைச் சந்தையை விடச் சொன்னார்கள், பாராளுமன்றத்தை மூடச் சொன்னார்கள், நீதிபதிகளை ஏசச் சொன்னார்கள் என்று அவர்கள் வாயில் சொல் வைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

மக்கள் ஒருமுறை சொன்னால் போதும், பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது என்கிறார். இலங்கையில் எங்களுக்கும் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 1982 டிசம்பர் 22. விளக்குக்குப் போட்டால் பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருடம் நீடிக்கலாம், குடத்துக்குப் போட்டால் முடியாது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்த வாக்கெடுப்பு. என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய்க் குடத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார். வந்து கிணற்றடியில் கால் கழுவியபடி, ‘நாங்கள் போட்டதை ஆர் எண்ணப்போகினம்’ என்றார். யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் போட்டார்கள். நாடு முழுக்க 54.7 சதவீதம் விளக்கு. ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதையும் மக்கள் தீர்ப்பு என்றார். அப்படி நீடித்த பாராளுமன்றம்தான் அடுத்த வருடம் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியப்பிரமாணம் செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. நாங்கள் தெரிவுசெய்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். எங்கள் குரலே அந்தச் சபையில் இல்லாமல் போனது.

இலண்டனும் கொழும்பும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே வாக்குப் பெட்டி நேர்மையாக எண்ணப்பட்டது, நீதிமன்றம் எழுந்து நின்றது, ஊர்வலம் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியது யார்? கட்டுரையாளர் எதிரிகள் என்று எழுதிய நீதிபதிகளும், தோற்ற பிறகும் பேசிக்கொண்டிருந்த மனிதர்களும்தான். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேர் சொன்னதற்காக மற்ற நாற்பத்தெட்டுப் பேரும் வாயை மூடவேண்டும் என்று ஒரு சிங்களப் பத்திரிகையில் 1983இல் எழுதியிருந்தால் இவர் என்ன பதில் எழுதியிருப்பார்?

இனி அவருடைய கடைசிக் கேள்வி. ஐரோப்பியர் போனால் எங்களுக்குத்தானே இடம்?

இந்த வாக்கெடுப்பில் யாருக்கு வாக்கு இருந்தது என்று அவருக்குத் தெரியும். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர், சட்டப்படி இங்கே குடியிருந்தால், வாக்களிக்கலாம். நேற்று வந்த இலங்கை மாணவருக்கும் இந்திய மாணவருக்கும் வாக்கு உண்டு. பதினைந்து வருடமாக இங்கே வரி கட்டும் பிரெஞ்சுக் குடிமகனுக்கு இல்லை. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் பாரிசிலும் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் ஒல்லாந்திலும் அகதியாக இறங்கி, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் இங்கே வந்து குடியேறினார்கள்! அவர்களும் கட்டுரையாளர் சொல்லும் ‘ஐரோப்பியர்’தான்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, மூன்று பிள்ளைகள், புருஷனுக்கு இரவு வேலை. முடிவு வந்த காலையில் தமிழ்க் கடை வாசலில் கறிவேப்பிலைப் பையோடு நின்ற அந்தத் தங்கச்சி என்னைக் கண்டதும் கேட்டார்: ‘அண்ணை, எங்களையும் போகச் சொல்லுவினமோ?’ ஒன்றும் நடக்காது என்று சொன்னேன். எனக்கே தெரியாததைச் சொன்னேன்.

தெளிவாகச் சொல்லியிருக்கலாம். இங்கே ஏற்கனவே வாழ்பவர்கள் பயப்படவேண்டாம் என்று ஒரு வரிச் சட்டம் போதும். 2017 மார்ச்சில் பிரபுக்கள் சபை அதற்காகத் திருத்தம் கொண்டுவந்து 358க்கு 256 என்று நிறைவேற்றியது. அரசாங்கம் அதைக் கீழ்ச்சபையில் நிராகரிக்க வைத்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் மந்திரி லியாம் ஃபொக்ஸ், இந்த மனிதர்கள் பேச்சுவார்த்தையில் எங்கள் கையிலுள்ள முக்கியமான சீட்டுகளில் ஒன்று என்ற பொருளில் பேசியிருந்தார். மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தைச் சீட்டாக எண்ணி மேசையில் வைத்தவர்கள் வென்றவர்கள். நிச்சயத்தைக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் தோற்றவர்கள். கட்டுரை இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த இடத்தையும் பார்த்தோம். ஐரோப்பியரைக் குறைத்தால் தெற்காசியச் சமையற்காரரைக் கொண்டுவரலாம், கறிக் கடைகளைக் காப்பாற்றலாம் என்று வாக்கெடுப்புக்கு முன் மந்திரி பிரீத்தி பட்டேல் பிரசாரம் செய்தார். 2022இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டார் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். முகவருக்கு இலட்சக்கணக்கில் கட்டி வந்து, இங்கே வேலையே இல்லை என்று நின்ற பெண்களுக்குக் கோயில் மண்டபத்தில் சோறு போட்டோம். 2024 மார்ச்சில் அந்த வேலைக்கு வருபவர்கள் துணையையும் பிள்ளைகளையும் கொண்டுவர முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இன்னொருவரைத் துரத்தி ஒழிந்த இடம் எங்களுக்கு என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

தெருவில் ஏசுகிறவன் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. 2016 ஜூலையில் பொலிசார் பதிந்த இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய வருட ஜூலையைவிட 41 சதவீதம் கூட. முடிவு வந்த கையோடு ஹமர்ஸ்மித்தில் போலந்துக்காரரின் கலாசார நிலையச் சுவரில் வசை எழுதினார்கள். அதே வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போகும்போது, மூட்டை கட்டிவிட்டாயா என்று கேட்டார். எனக்கு முப்பது வருடமாகப் பிரித்தானியக் கடவுச்சீட்டு.

பயந்தவர்கள் முதலிலேயே பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருக்கலாம், எடுக்காதது அவர்களின் சோம்பல் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அன்று ஒரு வளர்ந்தவருக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 1,200 பவுணுக்கு மேல். அதற்கு முன் நிரந்தர வதிவிடப் பத்திரம், ஆங்கிலப் பரீட்சை, குடிமைப் பரீட்சை. இரவு வேலைக்காரர் அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செலவழித்தார், அதுவும் சட்டப்படி அவருக்கு அது தேவைப்படாத காலத்தில்.

2019இல் அந்தப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக் குடும்பம், நாடு வெளியேறிய பின்பும் இங்கே இருப்பதற்கான வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்தது எங்கள் குசினி மேசையில்தான். கடவுச்சீட்டைப் படிக்கும் செயலி அப்போது ஐபோனில் வேலை செய்யாது. என் மகனின் சாம்சுங்கைக் கொடுத்தோம். தங்கச்சி கடவுச்சீட்டை விரித்துவைத்து, கைபேசியை அதன்மேல் மூச்சடக்கி வைத்துக்கொண்டிருந்தார், அசைத்தால் அறுந்துவிடும். நான்கு தரம் அறுந்தது. ஐந்தாம் தரம் பச்சை அடையாளம் வந்தபோது கடைசிப் பிள்ளை கைதட்டியது. சில வாரத்தில் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அட்டை இல்லை, முத்திரை இல்லை. அதை நூலகத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இந்தக் கடிதம் உங்கள் உரிமைக்கு ஆதாரமாகாது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. அவருக்கு அது தெரியும். நான்தான் வாசித்துச் சொன்னேன்.